துண்டு துண்டாக எழுதப்படும் பிளாப்: திரும்பப் படித்துப் பார்த்தால் போதுமா?

பக்கமடிப்பான் (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் செயலி இருமக் கோப்புகளை எஸ்கியூலைட் (SQLite, செயலிக்குள்ளேயே இயங்கும் தரவுத்தள நூலகம்) தரவுத்தளத்தில் பிளாப்களாக, அதாவது பைட்டுகளை அப்படியே வைக்கும் மதிப்புகளாக, சேமிக்கிறது. முழுக் கோப்பையும் நினைவகத்தில் ஏற்ற விரும்பாததால், ஸீரோபிளாப் (சுழியங்கள் நிறைந்த பிளாப்) கொண்டு முதலில் இடத்தை ஒதுக்கி, பிளாப்_ஓப்பன் மூலம் ஹேண்டில் (பிளாபைப் பகுதி பகுதியாக அணுகுவதற்கான பிடி) ஒன்றைப் பெற்று, 4096 பைட் துண்டுகளாக எழுதுகிறோம். இதற்கான சோதனை எளிமையானது. நினைவகத் தரவுத்தளம் ஒன்றைத் திறந்து, 1,00,000 பைட் பிளாப் ஒன்றில் துண்டு துண்டாக எழுதி, செலக்ட் மூலம் முழுவதையும் படித்து ஒப்பிடுகிறோம். சக நிரலாளர் ஒருவர் இதைச் சோதனையென்றே ஏற்க மறுக்கிறார். வட்டுப் பிழை, திடீர் நிறுத்தம் ஆகியவற்றையெல்லாம் போலியாக உருவாக்கிப் பார்க்க வேண்டும் என்கிறார். எஸ்கியூலைட்டை உருவாக்கியவர்கள் 100% கிளைச் சோதனையை (நிரலின் ஒவ்வொரு நிபந்தனைக் கிளையையும் ஓட்டிப் பார்ப்பதை) எட்டியிருக்கிறார்கள். அவர்களுடைய தொகுப்பில் இன்க்ர்பிளாப் என்று தொடங்கும் சோதனைக் கோப்புகளே பல உள்ளன. அவர்கள் செய்து முடித்த வேலையை நாங்கள் ஏன் மறுபடி செய்ய வேண்டும்?

தரவுக்காவலன்

நூலகத்தைச் சோதிப்பது அதன் ஆசிரியர்களின் பொறுப்பு என்பதை ஏற்கிறேன். அந்த நூலகம் விதித்துள்ள நிபந்தனைகளை உங்கள் நிரல் மதிக்கிறதா என்பதை அவர்களால் சோதிக்க முடியாதே! துண்டை எழுதும் பிளாப்_ரைட், பிளாபின் நீளத்தை மாற்றாது. எல்லையைத் தாண்டும் துண்டு ஒன்றைக் கொடுத்தால், உள்ளே பொருந்தக்கூடிய பகுதியைக்கூட எழுதாமல் பிழையைத் திருப்பித் தரும். ஹேண்டில் திறந்திருக்கும்போது அதே வரிசையில் ஓர் அப்டேட் நடந்தால், அது வேறொரு நெடுவரிசையைத் தொட்டிருந்தாலும்கூட, ஹேண்டில் காலாவதியாகி அடுத்த அழைப்பு அபார்ட் (கைவிடப்பட்டது) என்ற பிழைக் குறியீட்டுடன் திரும்பும். அதற்கு முன் எழுதியவை தாமாகத் திரும்பப் பெறப்படா. பரிவர்த்தனை (ஒன்றாக நிலைபெறும் அல்லது ஒன்றாகத் திரும்பப் பெறப்படும் மாற்றங்களின் தொகுதி) கமிட் ஆனால், அதாவது உறுதிசெய்யப்பட்டால், அவையும் நிலைபெற்றுவிடும், அதாவது பாதி எழுதிய கோப்பு ஒன்று உங்கள் தரவுத்தளத்தில் தங்கிவிடும். இவற்றுள் எதையாவது உங்கள் சோதனை தொடுகிறதா? இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன்: எழுதிப் பார்க்கும் தரவு எப்படிப்பட்டது?

பக்கமடிப்பான்

0 முதல் 255 வரையிலான பைட்டுகளைத் திரும்பத் திரும்ப அடுக்கிய தொடர். எல்லாப் பைட் மதிப்புகளும் ஒருமுறையாவது வந்துவிட வேண்டும் என்பதே நோக்கம். நினைவகத் தரவுத்தளத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் வேகம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்பு முழுத் தொகுப்பும் ஓடுகிறது. மெதுவாக ஓடும் சோதனையை நாளடைவில் யாரும் ஓட்டமாட்டார்கள் என்பது என் அனுபவம்.

தரவுக்காவலன்

சிக்கல் அந்தத் தரவிலேயே இருக்கிறது. 4096 என்பது 256-ஆல் மீதியின்றி வகுபடும் எண். ஆகவே உங்களுடைய ஒவ்வொரு முழுத் துண்டும் அடுத்த துண்டின் அச்சு நகல். ஐந்தாவது துண்டை இரண்டாவதன் இடத்தில் எழுதினாலும் உங்கள் ஒப்பீடு சரியென்றே சொல்லும். 251 போன்ற பகா எண்ணைச் சுழற்சியாக வையுங்கள். அல்லது ஒவ்வொரு எட்டு பைட்டிலும் அதன் இடப்பெயர்ச்சி எண்ணையே (தொடக்கத்திலிருந்து எத்தனை பைட் தள்ளி இருக்கிறது என்பதையே) எழுதுங்கள். அப்போது தவறான இடத்தில் விழுந்த துண்டு தான் எங்கே இருந்திருக்க வேண்டும் என்பதைத் தானே சொல்லிவிடும்.

துண்டின் எல்லைகளும் பக்கத்தின் எல்லைகளும் ஒன்றல்ல என்பதையும் கவனியுங்கள். எஸ்கியூலைட் தன் கோப்பைச் சம அளவுப் பக்கங்களாகப் பிரித்து வைக்கிறது. பக்க அளவு 4096 என்றால், வழிந்தோடும் பக்கம் (ஒரே பக்கத்தில் அடங்காத தரவு தொடரும் பக்கம்) ஒவ்வொன்றிலும் முதல் 4 பைட் அடுத்த பக்கத்தின் எண்ணுக்குப் போய்விடுகிறது, மிஞ்சுவது 4092. முழு எண் முதன்மைத் திறவியும் பிளாப் நெடுவரிசையும் மட்டுமே உள்ள அட்டவணையில் உங்கள் 1,00,000 பைட் பிளாபை வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தேன். பதிவின் தலைப்புக்கு 5 பைட், மொத்தம் 1,00,005. அதில் 1797 பைட் வரிசை தொடங்கும் இலைப் பக்கத்திலேயே தங்க, மீதமுள்ள 98,208 பைட் சரியாக 24 வழிந்தோடும் பக்கங்களை நிரப்புகிறது. ஆகவே தலைப்பைக் கழித்தால் பிளாபின் முதல் எல்லை 1792-இலும் அடுத்தது 5884-இலும் வருகின்றன. இந்த இடங்களுக்கு ஒரு பைட் முன்னும் பின்னுமாக எழுதிப் பாருங்கள்.

பக்கமடிப்பான்

தரவைப் பற்றிய குறையை மறுப்பின்றி ஏற்கிறேன். கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது. இரண்டாவது பத்தியை ஏற்க முடியாது. அட்டவணையில் நாளை ஒரு நெடுவரிசையைச் சேர்த்தால் பதிவின் தலைப்பு நீளும், 1792 என்ற எண் பொருளற்றதாகிவிடும். ஆனால் சோதனை தொடர்ந்து தேறிக்கொண்டே இருக்கும், எல்லையைச் சோதிக்கிறோம் என்ற பொய்யான நிம்மதியையும் தந்துகொண்டிருக்கும். கோப்பு வடிவத்தின் உள்விவரத்தைச் செயலியின் சோதனையில் பதித்து வைப்பது, அடுத்த வீட்டுச் சுவரில் நம் வீட்டு ஆணியை அடிப்பதற்குச் சமம்.

யானைப்பாகன்

போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தளத்தின் பக்கத்திலிருந்து ஒரு குறுக்கீடு. அங்கே பெரும்பொருள்கள் (பகுதி பகுதியாக எழுதக்கூடிய பெரிய தரவுகள்) இயல்பான அமைப்பில் 2048 பைட் துண்டுகளாக ஓர் அமைப்பு அட்டவணையில் வைக்கப்படுகின்றன. முடிவைத் தாண்டி எழுதினால் பொருள் நீளும். இடையில் விட்ட வெற்றிடம் சுழியங்களாகப் படிக்கப்படும். எஸ்கியூலைட்டில் பிழையாக வருவது அங்கே வெற்றியாக வருகிறது. இரண்டு தரவுத்தளங்களுக்கும் பொதுவான அடுக்கு ஒன்றை எழுதி, அதற்கு ஒரே சோதனையை வைத்திருந்த குழுவில் நான் இருந்திருக்கிறேன். அந்த அடுக்கு என்ன உறுதியளிக்கிறது என்பதில் எங்களுக்குள்ளேயே உடன்பாடு இருந்ததில்லை.

வட்டு நிரம்பும் நிலையைச் சோதிக்க, மேக்ஸ்_பேஜ்_கவுண்ட் என்ற பிராக்மாவால் (எஸ்கியூலைட்டின் அமைப்புக் கட்டளையால்) பக்கங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தால் போதாதா?

தரவுக்காவலன்

அந்த வரம்பு ஸீரோபிளாபைச் செருகும்போதுதான் கடிக்கும். இடம் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டுவிட்டதால், பிளாப்_ரைட் புதிய பக்கம் எதையும் கேட்பதில்லை. எழுதும் கட்டத்தில் வட்டு நிரம்பினால், பிழை மீள்பதிவுக் கோப்பிலிருந்தோ (மாற்றத்துக்கு முந்தைய பக்கங்களைக் காத்து வைப்பது) வால் (WAL) கோப்பிலிருந்தோ (மாற்றங்களை முதலில் பதிந்து வைப்பது) வரும். அதை வரவழைக்க, எஸ்கியூலைட்டுக்கும் கோப்பு அடுக்குக்கும் நடுவே மெல்லிய இடைத்தகடாக ஒரு நிரலைச் செருகி, இத்தனையாவது முறை எழுதும்போது தோல்வியடை என்று சொல்ல வேண்டும். நினைவகத் தரவுத்தளத்தில் அந்தத் தகட்டுக்கு வேலையே இல்லை.

ஆணி உவமையை ஏற்கிறேன். நிலையான எண்ணுக்குப் பதிலாக, 4091 போன்ற ஒற்றைப்படை நீளத்தில் பிளாப் முழுவதும் நடந்து செல்லும் சோதனை எழுதுங்கள். வடிவம் மாறினாலும் ஏதாவதொரு துண்டு எல்லையின் குறுக்கே விழுந்தே தீரும்.

பிளாப்_குளோஸ் திருப்பித் தரும் குறியீட்டை உங்கள் நிரல் பார்க்கிறதா என்பதையும் சொல்லுங்கள். வெளிப்படையான பரிவர்த்தனை இல்லாமல் எழுதினால், கமிட் நடப்பது ஹேண்டிலை மூடும்போதுதான். அது தோற்றால் எழுதியதெல்லாம் திரும்பப் பெறப்படும். ஹேண்டில் எப்படியும் மூடப்பட்டிருக்கும்.

பக்கமடிப்பான்

இரண்டு நாள் கழித்து வருகிறேன். சுழற்சியை 251 ஆக்கிய மறு ஓட்டத்திலேயே சோதனை விழுந்தது. நடந்தது இதுதான். ஒவ்வொரு 16 துண்டுக்கும் ஒருமுறை, எவ்வளவு எழுதியிருக்கிறோம் என்பதை அதே வரிசையின் இன்னொரு நெடுவரிசையில் அப்டேட் செய்கிறோம். அத்துடன் ஹேண்டில் காலாவதியாகிறது. அபார்ட் வந்தால் ஹேண்டிலை மறுபடி திறந்து எழுதுவதைத் தொடரும் உறை (அழைப்பைச் சுற்றிய நிரல்) ஒன்றை யாரோ எப்போதோ சேர்த்திருக்கிறார்கள். அது மறுபடி திறக்கும்போது எழுதுமிடத்தைச் சுழியத்துக்குத் திருப்பிவிடுகிறது. 65,536-ஆவது பைட்டுக்குப் பிறகு வர வேண்டியவை பிளாபின் தொடக்கத்தின் மீதே விழுந்திருக்கின்றன. சோதனையில் இது தெரியாமல் போனதற்கு நீங்கள் சுட்டிய சுழற்சி ஒரு காரணம்; சோதனைத் தயாரிப்பு நிரல் ஸீரோபிளாபுக்குப் பதில் அதே தரவை முன்கூட்டியே இன்செர்ட் செய்து வைத்திருந்தது இன்னொரு காரணம். இதுவரை கையாண்ட கோப்புகள் எல்லாம் 64 கிலோபைட்டுக்கு உட்பட்டவை என்பதால் பயன்பாட்டில் யாருக்கும் அடிபடவில்லை.

ஆயினும் என் வாதம் இதனால் வலுப்பட்டதாகவே கருதுகிறேன். பிழை எங்கள் உறையில் இருந்தது, நூலகத்தில் இல்லை. அதைப் பிடித்தது ஓர் எண்ணை மாற்றியது. இடைத்தகடும் தேவைப்படவில்லை, திடீர் நிறுத்தமும் தேவைப்படவில்லை. பிளாப்_குளோஸ் விவகாரத்தையும் அப்படியே சோதித்தேன். உண்மையான கோப்பில், பழைய மீள்பதிவு முறையில், இரண்டாவது இணைப்பு ஒன்றை வாசிப்புப் பரிவர்த்தனையில் நிறுத்திவைத்துவிட்டு ஹேண்டிலை மூடினால் பிஸி (தரவுத்தளம் வேறோர் இணைப்பின் பயன்பாட்டில் உள்ளது) என்ற குறியீடு வருகிறது. எங்கள் அழிப்பான் (பொருள் நீக்கப்படும்போது தானாக ஓடும் செயற்கூறு) அதை விழுங்கிக்கொண்டிருந்தது. மூடுவதை அழிப்பானிலிருந்து வெளியே எடுத்து, குறியீட்டை மேலே அனுப்பும் தனிச் செயற்கூறாக்கிவிட்டோம்.

தரவுக்காவலன்

அதே குறியீட்டுப் பாதையில் வட்டுப் பிழையும் வரும் என்பதால், பிஸியைக் கொண்டு சோதித்தது நியாயமான குறுக்குவழியே. நிகழ்வாக்கத்தைக் கொன்று பார்க்கும் சோதனையை நான் வற்புறுத்தவும் மாட்டேன். செயலி செத்தாலும் இயங்குதளத்தின் இடைமாற்றில் (தற்காலிக நினைவகத்தில்) இருப்பவை வட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்பதால், அது மின்தடையைப் பற்றி நமக்கு ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் இடைத்தகடு வேண்டாம் என்பதை ஏற்கவில்லை. உங்கள் உறை அபார்ட்டை மட்டுமா பிடிக்கிறது, எந்தப் பிழை வந்தாலும் மறுபடி திறந்து எழுதத் தொடங்குகிறதா? இரண்டாவது என்றால், உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை வந்து பரிவர்த்தனை திரும்பப் பெறப்பட்ட பிறகு, புதிய ஹேண்டிலில் மீதியை மட்டும் எழுதி வெற்றி என்று அறிவித்துவிடும். அதைப் பிஸி காட்டிக்கொடுக்காது.

யானைப்பாகன்

மறுபடி திறக்கும் உறையை எழுதியவர் யாரென்று தெரிந்ததா?

பக்கமடிப்பான்

தெரிந்தது. பதிப்பு வரலாற்றில் என் பெயர்தான் இருக்கிறது. தரவுக்காவலன் கேட்டதற்கும் பதில்: எந்தப் பிழையானாலும் மறுபடி திறக்கிறது. உறையை நீக்கி, முன்னேற்ற எண்ணைத் தனி அட்டவணைக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். அதன்பின் அபார்ட் வருவதே பிழையென்று கருதிச் சோதனை விழும். இடைத்தகட்டை இந்த வாரம் எழுதப்போவதில்லை.