பூச கூட்டத்துக்கு டிரோன்ல லைன் குடுத்தா என்ன?

செம்பனை தம்பி:
சுங்கை சிப்புட்லேருந்து எழுதுறேன். தைப்பூசத்துக்கு பத்துமலை போனோம், சுங்கை பத்து ஆத்தங்கரைலயே அம்மா கூட்டத்துல பிரிஞ்சிட்டாங்க, போன்ல நாலு கோடு காட்டுது ஆனா கால் போகல, வாட்சாப் மெசேஜ் அந்த சின்ன கடிகாரத்தோட அப்படியே நிக்குது. ஒன்றரை மணி நேரம் கழிச்சு பாத்தா 272 படிக்கு கீழ குடத்த அணைச்சுக்கிட்டு நிக்கிறாங்க, வெயில்ல பால் திரிஞ்சே போச்சு. டிரோன்ல ஆண்டெனா கட்டி மேல நிறுத்தலாம்ல? 2017-ல மரியா புயலுக்கு அப்புறம் போர்ட்டோ ரிக்கோல ஏடி அண்ட் டிங்கிற அமெரிக்க போன் கம்பெனி செஞ்சுதே.

டவர்காரன்:
அம்மா கெடச்சாங்களே தம்பி, அது போதும். ஆனா அங்க புயல்ல டவர் போயிருச்சு, டிரோன் சிக்னலோட மோத வேற சிக்னல் இல்ல. பத்துமலைல டவர் இருக்கு, ஜனந்தான் ஜாஸ்தி. 200 அடி உசரத்துல நிக்கிற ஆண்டெனா சுத்துவட்டார டவர் எல்லாத்தையும் நேரா பாக்கும், அதே அலைவரிசைல பேசுனா ஒன்னோட ஒன்னு மோதி இருக்குற லைனும் கெடும். கூட்டத்துக்கு சின்ன சின்ன செல்லா, அதாவது கொஞ்ச தூரம் மட்டும் எட்டுற குட்டி டவரா, தாழ்வா, நெருக்கமா வைக்கணும்.

செம்பனை தம்பி:
அண்ணே, உசரத்த கொறச்சு ஆண்டெனாவ கீழ பாத்து திருப்பிட்டா? பேட்டரி அரை மணில தீந்துரும்னும் சொல்ல முடியாது, தரைலேருந்து போற கேபிள்லயே கரண்டும் டேட்டா போற ஃபைபரும் மேல ஏறுதே.

மீனாக்கா:
காவடி தூக்குறவங்க தலைக்கு மேல அத நிறுத்த நான் ஒத்துக்க மாட்டேன். அறுந்து விழுந்தா யாரு பதில் சொல்றது? நம்ம டவுன் பசார் மாலாம்ல, அதான் ராத்திரி சந்தைல, சனிக்கிழமை ஏழு மணிக்கு காசு கட்ட கியூஆர் போட்டா வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு, நான் வடைய பொட்டலம் கட்டி வச்சுட்டு காத்திருக்கேன், ஆளு சில்லறை இல்லன்னு போயிடுறாரு. இதுக்கு மொதல்ல வழி சொல்லுங்க.

டவர்காரன்:
அக்கா சொல்றது நெசம், அதுக்கு நிரந்தரமா செல் கூட்டணும், ஃபைபர் இழுக்கணும். பூசத்துக்கு லாரில கம்பம் தூக்கி நிறுத்துற டவர் இருக்கு, கனமா நிக்கும். டிரோன்னா சாயங்காலம் இடி வந்த ஒடனே கீழ எறக்கியாகணும், கூட்டம் அதுக்காக கலையுமா?

செம்பனை தம்பி:
2014 டிசம்பர்ல கிளந்தான் மாநிலம் வெள்ளத்துல முங்கிக் கெடந்துச்சே, அங்க லாரி எப்படிண்ணே போகும்?

டவர்காரன்:
அதுக்கு டிரோன்தான், கீழ ஃபைபர் போனாலும் சேட்டலைட்ல கட்டிக்கலாம், போர்ட்டோ ரிக்கோலயும் அப்படித்தான் கட்டுனாங்க. வெள்ளத்துக்கு கேளு, நானும் ஒன்கூட நின்னு கேக்குறேன். பூசத்துக்கு வேணாம்.