போபோவைப் பற்றி எழுத வேண்டும், வயதிலேயே மூன்று கணக்கு இருக்கிறது

கிந்தாக்காரன்:
வணக்கம். அம்மாவின் அம்மா போன வருஷம் தவறிவிட்டார். சீனப் பாட்டி, போபோ என்றுதான் கூப்பிடுவோம். அப்பா தமிழர், அம்மா காண்டனீஸ், மலேசியாவில் ஈப்போ பக்கம் இது ஒன்றும் அதிசயமில்லை. ஏப்ரல் மாதம் செங் பெங்குக்குக் கல்லறையைச் சுத்தம் செய்து படைக்க எல்லாரும் கூடுவோம், அதற்குள் அவர் வாழ்க்கையைச் சின்னப் புத்தகமாக எழுதிவிடலாம் என்று பேச்சு. சீன மொழியில் சின்னம்மா பிள்ளைகள் எழுதுகிறார்கள். நான் தமிழ்ப்பள்ளியில் படித்தவன், சீன எழுத்து தெரியாது, என் பிள்ளைகளுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

தெரிந்தது கொஞ்சம்தான். 1937-இல், ஜப்பான்காரன் சீனாவுக்குள் புகுந்த வருஷம், குவாங்டோங்கிலிருந்து ஊர்ப் பெண்களோடு கப்பல் ஏறினார், அப்போது 14 வயது என்பார். டூலாங் என்ற மரத்தட்டு வைத்து ஆற்றில் ஈயம் (வெள்ளீயம்) அரித்தார். அவசரகாலத்தில், அதாவது மலாயாவில் வெள்ளைக்காரன் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட காலத்தில், வேலி போட்ட புதுக்கிராமத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஆறு பிள்ளைகள், தாத்தா சீக்கிரம் போய்விட்டார். அம்மா அப்பாவைக் கட்டிக்கொண்டது பிடிக்காமல் சில வருஷம் பேசவில்லை, அப்புறம் அக்கா பிறந்து ஒரு மாதம் ஆனதும் சிவப்பு முட்டைகளைத் தூக்கிக்கொண்டு தானே பஸ் ஏறி வந்துவிட்டார், அதிலிருந்து அப்பாவோடு பாசார் (சந்தை) மலாயில் சண்டை போடுவதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு.

சிக்கல் என்னவென்றால் ஐசியில் (அடையாள அட்டையில்) பிறந்த வருஷம் 1926. மரண அறிவிப்பில் போட்ட வயதோ அந்தக் கணக்கைவிட நாலு கூட. அவர் வாயால் சொன்னது வேறு. எதைப் போடுவது? இன்னொன்று, சின்னம்மா வீட்டில் 'தியாகமே உருவான தாய்' என்று ஆரம்பித்திருக்கிறார்கள். போபோ உருகுகிற ஆள் இல்லை. மாஜோங்கில் தோற்றால் அன்று வீட்டில் யாரும் வாய் திறக்க முடியாது.

பழைய கிராணி:
தம்பி, அந்த நாலு வருஷத்துக்குக் காரணம் இருக்கிறது. சீனக் கணக்கில் பிறந்ததுமே ஒரு வயது. இறந்தவருக்கு வானத்துக்கு ஒன்று, பூமிக்கு ஒன்று, மனிதனுக்கு ஒன்று என்று மூன்று கூட்டிப் போடுவது இங்கே பல சீன வீடுகளில் வழக்கம். ஆக நாலு. யாரும் பொய் சொல்லவில்லை.

ஐசி விஷயம் வேறு. 1948-இல் அவசரகாலம் வந்து 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் அடையாள அட்டை எடுக்க வேண்டும் என்றானபோது பிறப்புப் பத்திரம் யாரிடம் இருந்தது? வாயால் சொன்னதை எழுதிக்கொண்டார்கள். சேலத்திலிருந்து வந்த எங்கள் ஆத்தாவின் அட்டையிலும் இதே கூத்துதான். என்னைக் கேட்டால் மூன்று கணக்கையும் போட்டுவிடுங்கள், ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை மறைக்காதீர்கள்.

1937 என்பது நம்பும்படியாகத்தான் இருக்கிறது. 1933-இல் அந்நியர் சட்டம் கொண்டுவந்து சீன ஆண்கள் வருவதற்குக் கட்டுப்பாடு வைத்தார்கள், பெண்களுக்கு 1938 வரை அது இல்லை. அந்த இடைவெளியில் 1 லட்சத்துக்கும் மேல் பெண்கள் மலாயாவில் இறங்கினார்கள். ஆண்களுக்கான டிக்கெட் கிராக்கியாகிவிட்டதால், மூன்று நாலு பெண் டிக்கெட்டும் சேர்த்து வாங்கினால்தான் ஓர் ஆண் டிக்கெட் தருவேன் என்று தரகர்கள் வியாபாரம் செய்த காலம் அது. ஊர்ப் பெண்கள் கூட்டமாக வந்ததற்குப் பின்னால் இதுவும் இருந்திருக்கலாம்.

சொந்த ஊர் தெரியவில்லை என்றால் தாத்தாவின் கல்லறைக் கல்லைப் பாருங்கள். சீனக் கல்லறைகளில் பூர்வீக மாவட்டத்தின் பெயரைப் பெரும்பாலும் வெட்டியிருப்பார்கள். அது தாத்தாவின் ஊர், பாட்டியுடையது பக்கத்திலேயே இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

கம்பார் ராஜா:
'தியாகம்' என்று எழுதினால் அதற்குமேல் படிக்க ஒன்றும் இருக்காது. அவர் செய்த வேலையை எழுதுங்கள். நான் சின்ன வயதில் கம்பார் ஆற்றோரம் பார்த்திருக்கிறேன். அகலமான மரத்தட்டு, நடுவில் மட்டும் லேசாகக் குழி. முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நின்று, மணலை அள்ளி, தட்டைச் சுழற்றிக்கொண்டே இருப்பார்கள். லேசான மணல் விளிம்பு வழியாகப் போய்விடும், கனமான கறுப்பு ஈயமண் நடுவில் தங்கும். தொப்பி, அதன்மேல் துணி, நீளக் கை சட்டை, முகமே தெரியாது. மேலே சுரங்கத்துப் பாலோங்கிலிருந்து, அதாவது ஈயமண்ணைக் கழுவும் நீள மரவாய்க்காலிலிருந்து, தப்பி வரும் ஈயத்தைத்தான் இவர்கள் பிடிப்பது. நாள் முழுக்கக் குனிந்தே வேலை, சாயங்காலம் பார்த்தால் ஒரு டப்பாவில் கொஞ்சம்.

இதற்கு ஆள் பெயரில் பாஸ் உண்டு, பாஸ் இல்லாமல் அரித்தால் பிடிப்பார்கள். அந்தப் பாஸ் இருக்கிறதா என்று வீட்டில் தேடுங்கள். பெரியம்மா, மாமா யாராவது இருந்தால் கேளுங்கள்: எந்த ஓடையில் நின்றார், ஈயத்தை எந்தக் கடையில் விற்றார், கைக்குழந்தையை யார் பார்த்துக்கொண்டது, மழைநாளில் அடுப்பு எப்படி எரிந்தது. கம்பாரில் ஈயச்சுரங்க அருங்காட்சியகம் இருக்கிறது, பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள், பாலோங் என்றால் என்ன என்று அவர்களுக்கு எப்படித் தெரியும், 1985-இல் ஈய விலை விழுந்ததோடு எல்லாம் முடிந்துபோன கதை.

மல்லி_சித்தியவான்:
எங்கள் அப்பாயியும் சீனம்தான், ஆனால் அவருக்கு ஒரு சீனச் சொல்கூடத் தெரியாது. கைக்குழந்தையாக இருந்தபோது ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்காரத் தமிழ்க் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் பெண்குழந்தைகளை இப்படித் தமிழ் வீடுகளுக்குக் கொடுத்தது இங்கே நிறைய. சேலை, குங்குமம், மாரியம்மன் கோயிலில் தீமிதி, எல்லாம் உண்டு. பெற்றவர் யார், எந்த ஊர், எதுவும் இல்லை. உங்களிடம் இருக்கிற மூன்று வயதில் ஒன்றைக்கூட எங்களால் சொல்ல முடியாது. இருக்கும்போதே உங்கள் அம்மாவைப் பேசவைத்துப் பதிவு செய்துவிடுங்கள், எழுத்தெல்லாம் பிறகு பார்க்கலாம்.

கிந்தாக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. அம்மாவிடம் ஆரம்பித்தேன், புதுக்கிராமம் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். பிறகுதான் பெரிய மாமா சொன்னார், போபோவின் கொழுந்தன் ஒருவர் கம்யூனிஸ்டுகளோடு காட்டுக்குள் போனவராம், திரும்பவே இல்லையாம். மாமா இதை எழுதக்கூடாது என்கிறார். எனக்கோ அதை விட்டுவிட்டால் அவர் ஏன் அப்படி இறுகிப்போனார் என்பதே புரியாது என்று படுகிறது.

பழைய கிராணி:
மாமாவுக்குப் பயம் இருக்கத்தான் செய்யும், கைது, நாடுகடத்தல் எல்லாம் நடந்த காலம். பெயரை விட்டுவிட்டு வேலியை எழுதலாமே. 1950-இல் ஜெனரல் பிரிக்ஸ் போட்ட குடியேற்றத் திட்டம் வந்து சுமார் 5 லட்சம் பேரை, பெரும்பாலும் சீனர்களை, முள்வேலிக்குள் குடிவைத்தார்கள். வேலைக்குப் போகும்போது வாசலில் சோதனை, அரிசி வெளியே போகக்கூடாது, பெண்களையும் தடவிப் பார்ப்பார்கள். காட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவைக்க முடியாதபடி கடையிலேயே டின்னில் ஓட்டை போட்டுத் தர வேண்டும் என்று உத்தரவு. தோட்டத்து லயங்களையும் வேலி போட்டு ஒன்றுசேர்த்தார்கள், அது நம் வீட்டுக் கதையும்தான். கொழுந்தன் காட்டில் இருக்க, போபோ அந்த வாசலில் தினமும் நின்றிருக்கிறார். மாமா சம்மதித்தால் ஒரு வரி போதும், சம்மதிக்காவிட்டால் தமிழ்ப் பிரதியில் மட்டும் போடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன், அது குடும்பத்துக்குள் பேசித் தீர்க்க வேண்டியது.

கம்பார் ராஜா:
ஊருக்குப் பணம் அனுப்பினாரா என்று கேட்டீர்களா? அப்போது கடைகள் வழியாகப் பணமும் கடிதமும் சேர்ந்து போகும், பணம் கிடைத்தது என்று அங்கிருந்து பதில் கடிதமும் வரும். இவற்றை யுனெஸ்கோ 2013-இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. எழுதத் தெரியாதவர்களுக்குக் கடிதம் எழுதுபவர் உண்டு. பதில் கடிதம் ஒன்று கிடைத்தாலும் அனுப்பியவர் பெயரும் ஊரும் அதில் இருக்கும்.

கிந்தாக்காரன்:
பழைய தாள்கள் கொஞ்சம் சின்ன மாமா வீட்டில் இருக்கின்றன, யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. சின்னம்மா மகளைக் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை போகிறேன், படிக்க ஆள் வேண்டுமே. ஏதாவது கிடைத்தால் இங்கேயே போடுகிறேன்.