தாத்தா டி.சி.யில் சேலம்னு இருக்கே, ஏன்?

காவேரிப்பட்டணத்தான்: டிரங்குப் பெட்டியில தாத்தாவோட டி.சி. கிடைச்சது. தருமபுரிப் பக்கம் ஒரு ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) பள்ளி. மாவட்டம் மட்டும் சேலம். அது சரிதான்னு பாட்டி, தப்புன்னு மத்தவங்க, வீட்டுல ஒரே சண்டை.

ஓய்வுபெற்ற வாத்தியார்: தம்பி, 1965 அக்டோபர் 2 வரைக்கும் தருமபுரி சேலம் மாவட்டத்துக்குள்ளதான். திருச்சபையில இன்னும் தாமதம். 1930-ல சேலம் மறைமாவட்டம், அதாவது ஒரு ஆயர் (பிஷப்) பொறுப்புல இருக்கற திருச்சபைப் பகுதி, வந்தது, முதல் ஆயர் பிரெஞ்சுக்காரர் புருனியே. தருமபுரிக்குத் தனி மறைமாவட்டம் 1997-லதான். நான் வேலைக்குச் சேர்ந்தப்போ நியமன உத்தரவே சேலத்துலருந்துதான் வந்துச்சு. சம்பளம் அரசாங்கம் தரும், கட்டடம் பள்ளி நடத்தற திருச்சபை நிர்வாகத்தோட பொறுப்பு. இந்த மானிய ஏற்பாட்டுக்கு வேர், வெள்ளைக்காரன் காலத்துக் கல்விக் கொள்கையான 1854 உட் அறிக்கை. ஓடு ஒழுகினா மட்டும் ரெண்டு பேரும் இல்ல, நாங்கதான் பெஞ்சை நகர்த்துவோம்!

எலத்தகிரி மருமகள்: எங்க மாமியார் டி.சி.யில தருமபுரி மாவட்டம், என் பையனுக்குக் கிருஷ்ணகிரி. 2004-ல பிரிச்சாங்கல்ல. ஊரு என்னவோ அதே ஊருதான்.

காவேரிப்பட்டணத்தான்: நன்றி சார். பாட்டி ஜெயிச்சுட்டாங்க. அந்த நியமன உத்தரவு இன்னும் இருக்கா? போட்டோ போடுங்களேன்.

ஓய்வுபெற்ற வாத்தியார்: பென்ஷன் ஃபைல்ல இருக்கு. கரையான் விட்டு வச்சிருந்தா போடறேன்.