டான்சிலைக் காணோம் என்கிறார் மருத்துவர்

கேள்வி:
என் மகனுக்கு இரண்டு வயது. எட்டாம் மாதம் வரை ஒரு தும்மல்கூட இல்லை. அதன்பின் காதில் சீழ், நிமோனியா, மறுபடியும் நிமோனியா. "குழந்தை என்றால் சளி பிடிக்கத்தான் செய்யும்" என்ற ஆறுதலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. புதிய மருத்துவர் டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தார். டான்சிலையே காணோம் என்றார். இம்யூனோகுளோபுலின் (இரத்தத்தில் உள்ள, கிருமியை எதிர்க்கும் பொருள்) பரிசோதனை எழுதியிருக்கிறார். டான்சிலுக்கும் நுரையீரலுக்கும் என்ன தொடர்பு?

பதில்:
டான்சிலில், எதிர்ப்புப் பொருளைத் தரும் வெள்ளணுக்களான பி செல்களே மிகுதி. அவை உருவாகாவிட்டால் டான்சிலும் வளராது, எதிர்ப்புப் பொருளும் சுரக்காது. தாய் தந்த ஐஜிஜி என்ற எதிர்ப்புப் பொருள் தீரும்வரை குழந்தை நன்றாகத்தான் இருக்கும். என் அக்காள் மகனுக்கும் இதே கதைதான். பி செல் உருவாகாத இது, 1952இல் அமெரிக்க மருத்துவர் புரூட்டன் விவரித்த நோய். பிடிகே என்ற மரபணுவின் கோளாறுதான் காரணம் என்று 1993இல் தெரிந்தது. அது தாய்வழியாக ஆண் குழந்தைகளுக்கு வரும். உங்கள் தாய்வழியில் ஆண் குழந்தைகள் யாரேனும் தொற்றால் இறந்தார்களா?

கேட்டவர்:
அம்மாவின் தம்பி ஒருவர் மூன்று வயதில் போய்விட்டார். "காய்ச்சல்" என்பதோடு பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

மற்றொரு பதில்:
அதை மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள், அம்மா. அவரைக் கேட்காமல் போலியோ சொட்டு மருந்து போன்ற உயிருள்ள தடுப்பு மருந்து எதுவும் வேண்டாம். நோய் உறுதியானால், மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இம்யூனோகுளோபுலின் ஏற்றுவார்கள். என் மகன் அது ஏறி முடியும்வரை பொம்மை காரைக் கட்டில் கம்பியில் ஓட்டிக்கொண்டிருப்பான். பள்ளிக்கும் போகிறான்.