கால்நடை கிளினிக்குக்கு ஒரே எடை மெஷின் போதுமா?

கேள்வி:
சொந்தமாகச் சின்ன கிளினிக் தொடங்குகிறேன். நாய், பூனை, முயல்தான் அதிகம் வரும். 150 கிலோ வரை நிறுக்கும் தரை மெஷின் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன், 100 கிராம் கணக்கில் காட்டும். அதை மட்டும் வைத்துச் சமாளிக்கலாமா?

பதில்:
முடியாது, டாக்டர். பிறந்த பூனைக்குட்டியே சுமார் 100 கிராம்தான். தினம் பத்துப் பதினைந்து கிராம் ஏறுகிறதா என்றுதானே பார்க்கிறோம்? அது அந்த மெஷினில் தெரியவே தெரியாது. ஒருமுறை ஐந்து குட்டிகளைத் தினமும் நிறுத்துக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் ஒன்று மட்டும் 8 கிராம் குறைந்திருந்தது. பார்வைக்கு மற்றவற்றைப் போலவேதான் இருந்தது, தாயின் மடியில்தான் கிடந்தது. ஆனால் வாய்க்குள் பால் போகவில்லை. அன்றே புட்டிப்பால் ஆரம்பித்தோம், பிழைத்துக்கொண்டது. குட்டிகளுக்கு 5 கிலோ வரை நிறுக்கும், 1 கிராம் காட்டும் சமையலறைத் தராசு போதும். மேலே ஒரு டப்பாவை வைத்து, டேர் பட்டனை (டப்பாவின் எடையைக் கழித்து எண்ணைப் பூஜ்ஜியமாக்குவது) அழுத்திவிட்டு, அப்புறம் குட்டியை விடுங்கள்.

தரை மெஷினில் ஹோல்டு வசதி கட்டாயம் வேண்டும். நாய் அசைந்தாலும் சராசரி எடுத்து ஒரு எண்ணில் நிற்கும். உயரம் குறைவாக இருக்கட்டும். வெறும் ஸ்டீல் தட்டில் கால் வழுக்கினால் நாய் அடுத்த முறை ஏறவே ஏறாது, அதனால் ரப்பர் விரிப்பு போடுங்கள். சுவரோரமாக, சமதரையில் வையுங்கள்.

இன்னொரு பதில்:
யூனிட் பட்டனைக் கவனியுங்கள். எங்கள் மெஷின் எப்படியோ பவுண்டுக்கு மாறியிருந்தது. 10 கிலோ நாய்க்கு 22 என்று எழுதிவிட்டார்கள். பழைய கார்டைப் பார்த்ததால்தான் தப்பித்தோம், இல்லையென்றால் மருந்து இரண்டு மடங்குக்கு மேல் போயிருக்கும். கிலோவிலேயே லாக் செய்ய முடிகிற மெஷினாக வாங்குங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அப்படியென்றால் இரண்டு வாங்குகிறேன். கூண்டை விட்டு வெளியே வராத பூனையை என்ன செய்வது?

முதலில் பதில் எழுதியவர்:
கூண்டோடு வைத்துப் பாருங்கள். பூனையைப் பரிசோதனைக்கு வெளியே எடுத்ததும் வெறும் கூண்டை நிறுத்துக் கழித்துவிடலாம். ஆனால் இதற்கு 100 கிராம் மெஷின் சரிவராது, 20 கிலோ வரை 10 கிராம் கணக்கில் காட்டுகிற மேஜை மெஷின் இருந்தால் நல்லது. முயலுக்கும் அதுதான். ஒரு கிலோ முயலில் 50 கிராம் தவறினால் மருந்திலும் 5 சதவீதம் தவறும். அப்புறம், வாரம் ஒருமுறை 5 கிலோ எடைக்கல்லைத் தரை மெஷினின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் வைத்துப் பாருங்கள். மூலைக்கு மூலை எண் மாறினால் அடியில் ஒரு லோட் செல் (எடையை உணரும் பாகம்) போய்விட்டது என்று சந்தேகப்படலாம்.