தி விட்னஸ்: எந்த இடத்தில் விட்டீர்கள்?

வணக்கம் நண்பர்களே. 2016-ல் விளையாட்டு வடிவமைப்பாளர் ஜொனாதன் ப்ளோ வெளியிட்ட தி விட்னஸ், ஒரு தீவில் சுற்றிக் குறிகள் உள்ள பலகைகளில் கோடு வரைந்து புதிர்களை விடுவிக்கும் வீடியோ கேம். அதை விமர்சகர்கள் கொண்டாடினார்கள். விளையாடியவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். 40 டாலர் விலையைவிட, விதிகளை எழுத்தில் எங்குமே சொல்லித்தராததுதான் முதல் காரணம் என்று நினைக்கிறேன். சதுப்பு நிலத்து மஞ்சள் கட்டங்களின் விதி பிடிபடாமல் அங்கேயே முட்டிக்கொண்டு நின்றவர்கள் பலர். வேறு பகுதிக்குப் போயிருக்கலாம். ஒரு பகுதியை முடித்தால் ஒரு லேசர் எரியும்; கடைசிப் பகுதியான மலை திறக்க 11 லேசர்களில் 7 போதும். காட்டுப் பகுதி வேறு மாதிரி: பறவையொலியின் ஏற்ற இறக்கம் காதில் பிரிந்து கேட்காவிட்டால் கோடு வரையவே முடியாது.

இரு தரப்புக் கருத்துகளையும் தொகுத்து எழுதுகிறேன், உதவுங்கள். பாதியில் விட்டவர்கள் எந்தப் பகுதி, எந்தக் குறி, தலைசுற்றல் இருந்ததா என்று சொல்லுங்கள். நிறப்பார்வை, செவித்திறன் குறைபாடு உள்ளவர்களின் அனுபவம் மிகவும் தேவை. ஒரே வேண்டுகோள்: புதிர்களின் விடைகளைப் போட வேண்டாம்.