சாமுராய் கதை எழுதுகிறேன்: எதைப் படிப்பது, எதைப் பார்ப்பது?

இரவுப்பணி இளங்கோ, உட்லண்ட்ஸ்:

எல்லாருக்கும் வணக்கம். மூன்று மாதமாக ஒரு சாமுராய் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். சிங்கப்பூரில் துவாஸ் தொழிற்பேட்டையில் இரவு ஷிஃப்ட். போகவர கம்பெனி பஸ்ஸில் கைத்தொலைபேசியிலேயே தட்டித் தட்டி நாற்பது பக்கம் ஆகிவிட்டது. போன வாரம் முதல் இரண்டு அத்தியாயத்தை ஒரு நண்பரிடம் காட்டினேன். அவர் கேட்ட ஒரே கேள்வியில் சாயம் வெளுத்துவிட்டது.

என் நாயகன் மழையில் நனைந்து வந்து ஒரு வணிகர் வீட்டில் தேநீர் குடிக்கிறான். "இடுப்புல அவ்வளவு நீள வாளைச் செருகிக்கிட்டுத் தரையில எப்படிய்யா மண்டி போட்டான்?" என்றார் நண்பர். வீட்டுக்கு வந்து, கைலியில் நீளக் குடையைச் செருகி நானே உட்கார்ந்து பார்த்தேன். நுனி தரையில் குத்தியது, பிடி விலாவில் இடித்தது. லேசாகத் திரும்பினேன், டிவி பக்கத்தில் இருந்த பூச்சாடி காலி. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பார்வையே போதும்.

இதுவரை படித்தது நிதோபே இனாஸோவின் 'புஷிடோ', அப்புறம் 'ஹாகாகுரே'. பார்த்தது குரோசவாவின் 'செவன் சாமுராய்', மூன்று தடவை. கதையில் போர் உண்டு, துப்பாக்கி உண்டு, அரிசிச் சம்பளம் உண்டு, பிரபுவுக்காக வயிற்றைக் கிழித்துக்கொள்வதும் உண்டு. எந்த ஆண்டு என்று மட்டும் கேட்காதீர்கள், 'பழைய காலம்' என்று விட்டுவைத்திருக்கிறேன். வேறு என்ன படிக்கலாம், பார்க்கலாம்?

மல்லிகா, தெம்பனீஸ்:

தம்பி, கேட்காதீர்கள் என்றதைத்தான் முதலில் கேட்கப்போகிறேன். எந்த ஆண்டு?

நீங்கள் மூன்று தடவை பார்த்த படம் நடப்பது 1580களில். அப்போது ஊருக்கு ஊர் சண்டை. 1588இல் அப்போது ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷி விவசாயிகளிடமிருந்து வாள்களைப் பறித்தார். 1603இல் டோகுகவா ஆட்சி வந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் சண்டைகள் ஓய்ந்து, அதன்பின் இரண்டு நூற்றாண்டுக்கும் மேலாகப் பெரிய போர் கிடையாது. இடுப்பில் நீள வாள், சின்ன வாள் என்று இரண்டைச் செருகிய சாமுராய்களில் நிறையப் பேர் கிடங்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். உங்கள் ஆள் இதில் எந்தப் பக்கம்? இரண்டையும் கலந்தால், சோழர் கதையில் தபால்காரர் மணி ஆர்டர் கொண்டுவந்த மாதிரி ஆகிவிடும்.

'ஹாகாகுரே' சொன்ன யமமோட்டோ த்சுனேதோமோ ஒரு போரையும் கண்ணால் பார்க்காதவர். பிரபு இறந்தபோது கூடவே சாகத் தடை இருந்ததால் துறவியானார். 1709 தொடங்கிச் சில ஆண்டுகள் ஓர் இளைஞரிடம் சொல்லிச் சொல்லி எழுத வைத்தது அந்தப் புத்தகம். 'எங்க காலத்துல...' என்று ஆரம்பிக்கும் தாத்தாவின் குரல் அது. நிதோபே 1900இல் வெளிநாட்டு வாசகருக்காக ஆங்கிலத்தில் எழுதியவர். கிறிஸ்துவர், சாமுராய் வகுப்பே ஒழிந்துபோன பிறகு எழுதியிருக்கிறார். தூக்கிப் போடச் சொல்லவில்லை. கதையில் ஒரு கிழவர் வந்தால் 'ஹாகாகுரே' கைகொடுக்கும்.

வாள் விஷயத்தில் உங்கள் நண்பர் கில்லாடி. ஒரு வீட்டுக்குள் போகும்போது நீள வாளை உறையோடு இடுப்பிலிருந்து எடுத்துவிடுவார்கள். உட்கார்ந்ததும் அதை வலப்பக்கம் வைப்பார்கள். வாளை உருவுவது வலக்கை. அதே பக்கம் கிடந்தால் சட்டென்று உருவ வராது, அதுதான் மரியாதை. இடப்பக்கம் வைத்தால் ஏதோ மனதில் இருக்கிறது என்று அர்த்தம். சின்ன வாள் இடுப்பிலேயே இருக்கலாம். உங்கள் வணிகர் தேநீர் கொண்டுவரும்போது அவர் கண் முதலில் எங்கே போகும் என்று யோசியுங்கள். எனக்கென்னவோ அந்த ஒரு காட்சிக்கு உங்கள் போர்க்களம் முழுவதையும் கொடுத்துவிடலாம்.

படம் என்றால் யமடா யோஜியின் 'ட்விலைட் சாமுராய்' (2002) பாருங்கள். ஆண்டுக்கு 50 கொக்கு அரிசிச் சம்பளம் வாங்கும் கிடங்கு எழுத்தர். ஒரு கொக்கு கிட்டத்தட்ட 150 கிலோ. கடன் போக மிச்சத்தில் அம்மா, இரண்டு பெண்கள். ராத்திரி உட்கார்ந்து பூச்சிக்கூண்டு முடைந்து விற்கிறார். முதல் முறை பார்த்தபோது, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் ராத்திரி தையல் மெஷின் ஓட்டிய எங்கள் அம்மா ஞாபகம் வந்துவிட்டது.

பழைய சினிமா பைத்தியம்:

கொபயாஷி மசாகியின் 'ஹராகிரி' (1962) பார்க்காமல் வயிற்றைக் கிழிக்கும் காட்சியை எழுதாதீர்கள். வறுமையில் வாளை விற்றுவிட்டு மூங்கில் வாளோடு திரிகிற ஒருவனை வைத்துக் குலப்பெருமை முழுவதையும் உரித்துக் காட்டுகிற படம். இன்னொன்று, நம்மூர் ஆட்கள் உடனே வயிற்றைக் கிழித்துக்கொள்வதை வடக்கிருத்தலோடு, அதாவது வடக்கு நோக்கி உண்ணாமல் உட்கார்ந்து உயிர்விடுவதோடு ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதிவிடுவார்கள். வேண்டாம். கோப்பெருஞ்சோழனை யாரும் தண்டனையாக உட்கார வைக்கவில்லை.

கோப்பிக்கடை வரலாறு:

நண்பரே, சாமுராயைத் தேடி ஏன் ஜப்பான்வரை போகிறீர்கள்? அவர்களே இங்கே வந்திருக்கிறார்கள்.

1862 தொடக்கத்தில் ஐரோப்பாவுக்குப் புறப்பட்ட ஜப்பானியத் தூதுக்குழு சிங்கப்பூரில் இறங்கியது. ஐரோப்பாவில் எடுத்த படங்களில்கூட அவர்கள் வாளோடுதான் நிற்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர்களில் ஒருவர் ஃபுகுசாவா யுகிச்சி, நகாட்சு என்ற ஊரைச் சேர்ந்த கீழ்நிலை சாமுராய். கப்பல் திசைமாறி அமெரிக்கக் கரையில் ஒதுங்கி, கடைசியில் இங்கே குடியேறிய ஒதோகிச்சி என்ற ஜப்பானிய மாலுமியை அவர் இங்கேதான் சந்தித்தார்.

அதே 1862 ஜனவரியில்தான் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் அர்ப்பணிக்கப்பட்டது. கட்டியவர்கள் இந்தியக் கைதிகள். சிட்டி ஹால் எம்ஆர்டியை விட்டு வெளியே வந்தால் அந்த வெள்ளைச் சுவர் தெரியும். சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டு அரைத்து, பூசித் தேய்த்தது. நம் ஆள் ஒருவன் கையில் சுண்ணாம்போடு நிற்கிறான், எதிரே குடுமியும் இரண்டு வாளுமாக ஒருவர் வருகிறார். அப்புறம் உங்கள் பாடு.

ஃபுகுசாவாவின் சுயசரிதை (1899) கட்டாயம் படியுங்கள். நடுராத்திரி எடோ (இன்றைய டோக்கியோ) தெருவில் எதிரே ஒரு நெட்டை சாமுராய் வருகிறான். வெட்டிவிடுவானோ என்று உள்ளுக்குள் நடுக்கம், ஆனாலும் நடுத்தெருவில் விறைப்பாக நடக்கிறார். கடந்ததும் ஓட்டம். திரும்பிப் பார்த்தால் அவனும் எதிர்ப்பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறான்! விக்டோரியா ஸ்ட்ரீட் தேசிய நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். அந்தக் கால ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் இதழ்களை நூலகத்தின் இணையதளத்திலேயே புரட்டலாம்.

இரவுப்பணி இளங்கோ, உட்லண்ட்ஸ்:

மல்லிகாக்கா, தேநீர்க் காட்சியை நேற்று பஸ்ஸிலேயே மாற்றிவிட்டேன். வாள் வலப்பக்கம். மூன்று வரிதான், ஆனால் அந்த மூன்று வரிக்குப் பிறகு என் நாயகன் பேசிய வசனமெல்லாம் அசட்டுத்தனமாகத் தெரிகிறது. பாதியை வெட்டியாயிற்று.

கோப்பிக்கடை அண்ணே, நீங்கள் என் நாற்பது பக்கத்தையும் தின்றுவிட்டீர்கள். இத்தனை வருடம் சிட்டி ஹாலில் இறங்கி அந்தச் சுவரை ஒட்டித்தான் நடந்திருக்கிறேன். சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து நேரே அங்கேதான். இரண்டு வாளோடு நடந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை, ஆனால் வீட்டில் குடைகளையெல்லாம் ஒளித்துவைத்துவிட்டார்கள்.